இன்னார் மகள்

பெண்ணின் தகப்பன் வைத்துவிட்டுப் போன கடன் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு நாணயம். அதைத் தீர்க்க வந்தவர் எந்தத் தாய் வயிற்றிலும் பிறக்காதவர். கதைப் புத்தகங்களிலிருந்து இறங்கி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை டீ வேளைக்கு, மூன்றாவது மாடி ஆபீசுக்குப் படியேறி வந்தார். பெயர் இன்னார். அந்த வாரம் சர்க்கரை விலை ஏறியிருந்ததால் தெருவில் முதலில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

அவர் வரக் காரணம் கூட்டி அக்கா. கட்டட வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் கலவை சுமந்து, இடுப்பு இனி ஆகாது என்று கையை விரித்த பிறகு, அந்த ஆபீசில் தரை கூட்டுகிற வேலைக்கு வந்தவள். நாற்பது தாண்டித்தான் சாயங்கால வகுப்பில் எழுத்துப் படித்தாள். ஆபீசில் நடந்த வேலை, உலகத்துக் கதைகளில் வருகிற ஆட்களையெல்லாம் ஒரே வலையில் கோப்பது. ஆளுக்கு ஒரு வட்டம், ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு கோடு, கோட்டின் மேல் உறவு: அப்பா, மகள், பகையாளி, கடன்காரர். நாளைக்கு யாராவது இயந்திரத்திடம், இந்தக் கதையில் இவள் அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் அது மூச்சு விடுவதற்குள் சொல்ல வேண்டும். படித்த பிள்ளைகள் இரண்டு மாதத்தில் சலித்துப்போய்க் கம்பி நீட்டினார்கள். ஒருநாள் துடைப்பத்தோடு நின்றவள் திரையில் இருந்த வரியை முணுமுணுத்து வாசிப்பதைப் பார்த்த மேற்பார்வையாளர், மறுநாள் அவளுக்கு ஒரு நாற்காலி கொடுத்தார். கூட்ட வந்தவள் எழுத்துக்கூட்டியானாள் என்று பக்கத்து நாற்காலிகள் சிரித்தன. அந்தப் பெயர் தேய்ந்து கூட்டி அக்கா என்று நின்றது. அவளும் சும்மா இருக்கவில்லை. மேற்பார்வையாளரைப் பழக்கதோஷத்தில் மேஸ்திரி என்று கூப்பிட்டாள். மூன்று மாதத்தில் ஆபீஸ் முழுக்க அப்படியே கூப்பிட்டது. கடைசியில் அவருடைய மனைவியே போனில், மேஸ்திரி இருக்காரா என்று கேட்டாள்.

தப்பு நடந்தது இப்படித்தான். ஒரு நாவலில் ஒரு தாய் தன் பிள்ளையிடம், இன்னார் மகன் என்று நாலு பேர் மெச்சும்படி நடந்துகொள் என்று புத்தி சொல்கிறாள். கூட்டி அக்கா ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள். காதுக்குப் பழகிய சொல்தான். ஆனால் காதுக்குப் பழகியது கண்முன் எழுத்தாக வந்து நின்றால் உடனே அடையாளம் தெரிவதில்லை. நாளெல்லாம் சிமெண்டு பூசி நின்ற ஆள் சாயங்காலம் குளித்துத் தலைசீவி வந்தால், கூலி கொடுத்தவனே, யாருப்பா நீ என்று கேட்பான். தவிர, சுவரில் ஒட்டியிருந்த விதிகளில் ஒன்று, சொல் ‘ஆர்’ என்று மரியாதையாக முடிந்தால் அது ஆள் என்று கொள்க என்றது. மரியாதையாகத்தான் முடிந்தது. அவள் இன்னாருக்கு ஒரு வட்டம் போட்டு, பிள்ளையின் வட்டத்திலிருந்து கோடு இழுத்து, மேலே அப்பா என்று எழுதினாள்.

அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அவர் இருந்தார். ஒருவன் இன்னாரிடம் கடன் வாங்கி வீடு கட்டினான். இன்னொருவன் இன்னார் காலில் விழுந்தால் வேலை கிடைக்கும் என்று கேள்விப்பட்டுப் போய் விழுந்தான். இன்னார் வீட்டுக் கதவு, இன்னார் வளர்த்த நாய், இன்னார் எழுதியதாகச் சந்தேகப்பட்ட மொட்டைக் கடுதாசி. இவ்வளவு பெரிய மனுஷரை இத்தனை நாள் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. வட்டம் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்த மற்றவர்களும், முன்னால் போனவள் சரியாகத்தான் போயிருப்பாள் என்று தங்கள் கோடுகளை அதிலேயே கட்டினார்கள். கோடு கூடக்கூட வட்டம் பெருத்தது. பொத்தான் அளவில் இருந்தது தட்டாகி, அண்டாவாகி, திரைக்குள் அடங்காமல் போயிற்று. இன்னாருக்கு இன்னார் என்று முடிச்சு விழுந்த பிறகு தடுக்க நாம் யார் என்று ஏதோ ஒரு கல்யாணத்தில் யாரோ சொன்னதை வைத்து, அவரை அவருக்கே கட்டிவைத்தார்கள். வட்டத்திலிருந்து கிளம்பிய கோடு காது வளையம் மாதிரி சுற்றிக்கொண்டு அதே வட்டத்தில் வந்து முட்டியது. அன்றைக்குத் திரை சூடாகிவிட்டது. கூட்டி அக்கா டம்ளரை அதன் பக்கத்தில் வைத்து டீ ஆறாமல் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். தண்ணீர் கேனுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, “கூப்பிட்டீங்களாம்,” என்றார். யார் கூப்பிட்டது என்று மேஸ்திரி கேட்டதற்கு, எல்லாரும்தான் என்றார். முகம் பார்க்கும்போது இருந்தது, திரும்பிக்கொண்டால் ஞாபகத்தில் இல்லை. காலில் விழுந்தவர்களின் கண்ணீர் பட்டுப் பட்டு அவருடைய செருப்பு உப்புப் பூத்திருந்தது. ஊர்ப்பட்ட வதந்தியெல்லாம் இன்னார் சொன்னதாகவே வருவதால் தொண்டை கட்டியிருந்தது. மேஸ்திரி அவருக்கும் சேர்த்து ஒரு டீ சொன்னார், வேறென்ன செய்வதென்று தெரியாமல். இரண்டு மூன்று வாரத்தில் தெருவுக்கு அவர் பழகிப்போனார். சைக்கிள் காணாமல் போனால், இன்னார் எடுத்திருப்பார் என்றார்கள். அவருக்கு மறுக்கத் தெரியாது. ஆமா எடுத்தேன் என்று ஒத்துக்கொண்டு, எங்கிருந்தோ தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவார். போலீசுக்குப் போகிற செலவு மிச்சம் என்று ஜனங்கள் திருப்தியாக இருந்தார்கள்.

கூட்டி அக்காவும் மகளும் இருந்தது டயர்க்கடைக்கு மேலே ஒற்றை அறையில். கீழே, கடைக்குப் பின்னால், வீட்டுக்காரம்மா தனியாக இருந்தாள். இருபது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்க வந்த பெயிண்டர் ஒருவன் கூட்டி அக்காவோடு இரண்டு மாதம் குடியிருந்தான், வீட்டுக்காரம்மாவிடம் அந்த இரண்டாயிரத்துச் சொச்சத்தைக் கைமாற்றாக வாங்கினான், ஒரு சுவர் பாக்கி இருக்கும்போதே காணாமல் போனான். அவன் சொன்ன பெயர் வேறு யாருடையதோ என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது வயிற்றில் பெண் இருந்தது. மாதம் பிறந்தால் வீட்டுக்காரம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து, வாடகையை எண்ணி வாங்கி, உங்கப்பன் பாக்கி அப்படியே நிக்குது என்று பெண்ணிடம் சொல்லிவிட்டு இறங்குவாள். கூட்டி அக்கா எத்தனையோ முறை, கொஞ்சம் கொஞ்சமா நான் கட்டிடறேன் என்று கேட்டுப்பார்த்தாள். உன் காசு எனக்கெதுக்கு, வாங்கினவன் வந்து தரட்டும் என்று வீட்டுக்காரம்மா கையை மடக்கிக்கொண்டாள். பெண் சின்ன வயதில், எங்கப்பா யாரு என்று கேட்டபோதெல்லாம் யாரோ ஒருத்தர் என்றுதான் பதில் கிடைத்தது. ஒரு வயதுக்கு மேல் அவள் கேட்பதை நிறுத்தினாள். கூடவே அம்மா என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். சலவைக்கடையில் நாளெல்லாம் ஊரார் துணியைத் தேய்த்துவிட்டு வந்து, இந்தா, சம்பளம், என்று நீட்டுவதோடு பேச்சு முடிந்தது.

ஒரு வாடகை நாளில் இன்னார் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு கூட்டி அக்காவுக்குப் பின்னால் படியேறிக்கொண்டிருந்தார். மேலே வீட்டுக்காரம்மாவின் குரல் கேட்டது. “ஏண்டி, வாய் மட்டும் நீளுதே. இன்னார் மகள்னு சொல்லிக்க உனக்கு ஒரு ஆள் இருக்கா?”

“ஏன் இல்ல? நான் இன்னார் மகள்தான். போய்க் கேளுங்க,” என்றாள் பெண்.

இன்னார் பையைப் படியில் இறக்கி வைத்தார். “ஆமா. என் பொண்ணுதான்,” என்றார்.

அவருக்கு மறுக்கத் தெரியாது என்பது வாஸ்தவம். ஆனால் சைக்கிளை ஒத்துக்கொண்ட குரல் வேறு, இது வேறு என்று அன்றைக்கு அங்கே நின்ற டயர்க்கடைக்காரர் பிற்பாடு பலரிடம் சொன்னார். வீட்டுக்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்து, அப்பன்னு ஒத்துக்கிட்டா அப்பன் கடனும் உன்னுதுதான் என்றாள். அதற்கும் அவர் ஆமா என்றார். கூட்டி அக்காவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அந்தக் காலத்துல உங்களை நான் கண்ணால பார்த்ததுகூட இல்லையே என்றாள். “பார்த்திருந்தா பேர் தெரிஞ்சிருக்குமே,” என்றார் அவர். அவள் உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். அவர் படிக்கட்டு வளைவில் பாய் விரித்துக்கொண்டார். மறுநாள் காலை திரையைத் திறந்தபோது, அந்தப் பெரிய வட்டத்திலிருந்து யாரும் போடாத இரண்டு கோடுகள் புதிதாகக் கிளம்பியிருந்தன. ஒன்றின் மேல் மகள் என்றும், மற்றதன் மேல் கடன் என்றும் இருந்தது. கடன் கோட்டின் மறுமுனையில் வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு சின்ன வட்டம். அந்த வட்டத்துக்கு வேறு கோடே கிடையாது.

இன்னார் அந்தப் பாக்கிச் சுவருக்கு வெள்ளையடித்தார், சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தார், மழை வந்தால் குடையோடு போய் சலவைக்கடை வாசலில் நின்றார். பெண் கடைக்கு வருகிறவர்களிடம் எங்கப்பா, எங்கப்பா என்று சொல்லிச் சொல்லி, ஒரு வருஷத்தில் இருபது வருஷத்துப் பாக்கியைத் தீர்த்தாள். ஒருநாள் சாயங்காலம் சோறு போடும்போது, அம்மா, இன்னும் கொஞ்சம் என்றாள். கூட்டி அக்கா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். கடன் மட்டும் தீரவில்லை. அவர் மூட்டை தூக்கினாலும் சரி, மாவு அரைத்தாலும் சரி, கூலியைக் கையில் வைத்த உடனே நாணயம் உள்ளங்கை வழியாக ஒழுகித் தரையில் விழுந்தது. காலங்காலமாகக் கதைகளில் கொடுத்தே பழகின கைக்கு வாங்க எப்படித் தெரியும் என்றார் டயர்க்கடைக்காரர்.

பிறகு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. யாரோ பெரிய வாடிக்கையாளர் இயந்திரத்திடம், எல்லாக் கதைகளிலும் முக்கியமான மனிதர் யார் என்று கேட்க, அது தயங்காமல் இன்னார் என்று சொல்லியிருந்தது. மேஸ்திரி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே அக்கா.”

“மண்ணு என்ன மேஸ்திரி, கலவையே நல்லாத்தானே போட்டேன்.”

அவர் சிரித்தார், ஆனால் உத்தரவு சிரிக்கவில்லை. இன்னார் ஓர் ஆள் கிடையாது, கதைக்கு ஓர் இன்னார், அத்தனை பேரையும் பிரித்துத் தனித்தனி வட்டமாகப் போட வேண்டும். போட்டவளே பிரிக்க வேண்டும், மாட்டேன் என்றால் நாற்காலிக்கு வேறு ஆள். எனக்கும் மேல ஒரு மேஸ்திரி இருக்கான் அக்கா என்றார். நாற்காலி போனால் திரும்பவும் கலவைச் சட்டியைத் தூக்குகிற இடுப்பு அவளிடம் இல்லை. வீட்டில் சொன்னபோது பெண் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். “நீயே குடுத்துட்டு நீயே புடுங்கறியா?” என்றாள். மறுபடியும் பழைய மாதிரி, இந்தா, சம்பளம். இன்னார்தான் சமாதானம் சொன்னார். அறுத்து விடுங்கம்மா, பாரம் கொஞ்சமா இது, எனக்கு எத்தனை பிள்ளைங்கன்னு எனக்கே எண்ணித் தீரல, ஒண்ணு போதும் என்றார்.

அறுப்பதற்கு ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் ஆயிற்று. ஒவ்வொரு கோடு போகும்போதும் அவரிடமிருந்து ஒன்று போயிற்று. மொட்டைக் கடுதாசியை அதன் கதைக்கு அனுப்பியபோது விரலில் இருந்த மைக்கறை மறைந்தது. வதந்திகள் போனதும் தொண்டை சரியாகி, சன்னமான நல்ல குரல் ஒன்று வெளியே வந்தது. செருப்பு காய்ந்தது. அவருக்கு அவரே பெண்டாட்டியாக இருந்த கோட்டை அறுத்த அன்று, அப்பாடா என்று முதுகை நிமிர்த்தினார். ஆனால் மனுஷனுக்குக் கனம் என்பதே அவனைப் பிடித்திருக்கிற ஆட்கள்தான் போலிருக்கிறது. கோடு குறையக்குறைய அவர் லேசானார். முதலில் படியேறும் சத்தம் போயிற்று. பிறகு கால் தரையில் பாவவில்லை. வெயில் உச்சத்துக்கு வந்தபோது ஜன்னல் உயரத்தில், கொடியில் காயும் சட்டை மாதிரி மிதந்தார். பெண் சலவைக்கடையிலிருந்து நாலு கிளிப் கொண்டுவந்து, அவருடைய சட்டை நுனியை ஜன்னல் கம்பியோடு சேர்த்து மாட்டினாள். காற்றடிக்கிற நாளில் கதவைச் சாத்தினாள். சூடு குறைந்த இஸ்திரிப் பெட்டியால், அவர் போட்டிருக்கும்போதே சட்டையைத் தேய்த்துவிட்டாள். அசையாதீங்கப்பா, மடிப்பு விழுது என்பாள்.

கடைசியில் மிஞ்சியது அந்த இரண்டு கோடுகள். மேஸ்திரி விதிகளைப் புரட்டிப் பார்த்தார். உறவுக் கோட்டுக்குப் புத்தகமும் பக்கமும் காட்டத் தேவையில்லை, ஏனென்றால் யார் யாருக்கு என்ன வேண்டும் என்பதைக் கதைகள் பல சமயம் வாய்விட்டுச் சொல்வதில்லை. பணக் கோட்டுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும். காட்ட முடியாத பணக் கோடு ஒன்று இருந்தாலும், மாதம் பிறந்த மறுநாள் நடக்கிற சோதனையில் வட்டத்தையே அழித்துவிடுவார்கள். கூட்டி அக்கா கடன் கோட்டை அழித்தாள். மறுநாள் காலை அது இருந்த இடத்திலேயே இருந்தது. தினமும் சாயங்காலம் அழிப்பாள், தினமும் காலையில் முளைத்திருக்கும். கொடுத்தவள் விட்டால்தான் கோடு விடும் என்று அவளுக்குப் புரிந்தது.

மாதம் பிறந்தது. வீட்டுக்காரம்மா படியேறி வந்தாள், வாடகையை எண்ணினாள், ஜன்னலில் மாட்டியிருந்தவரைப் பார்த்து, பாக்கி அப்படியே நிக்குது என்றாள். கூட்டி அக்கா மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். நீங்க விடலேன்னா நாளைக்கு இவர் இல்ல என்றாள்.

“விட மாட்டேன்,” என்றாள் வீட்டுக்காரம்மா. சொல்லிவிட்டு, நிற்க முடியாமல் மேல்படியிலேயே உட்கார்ந்தாள். “இந்தத் தெருவுல சின்னதுலேர்ந்து கிழம் வரைக்கும் எனக்கு வீட்டுக்காரம்மாதான் பேரு. உன்னைக்கூட எல்லாரும் அக்காங்கறாங்க. என்னை அப்படிக் கூப்பிட்டது அந்தப் பெயிண்டர் ஒருத்தன்தான். அக்கா, ஒரு வாரத்துல தரேன்னான். அந்த ஒரு சொல்லுக்குத்தான் எண்ணிக் குடுத்தேன். காசையும் எடுத்துட்டுப் போனான், அந்த அக்காவையும் எடுத்துட்டுப் போனான். இப்ப இந்தப் பாக்கியையும் விட்டுட்டா, மாசம் பொறந்தா நான் எந்தப் படியை ஏறறது? வாடகையைப் பையில போட்டுக் கீழ எறிஞ்சாப் போதுமே உங்களுக்கு.”

பெண் தேய்ப்பதை நிறுத்தினாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “படி எங்க போகப்போகுது? பாக்கி இல்லேன்னாலும் ஏறி வாங்க. கால் வலின்னா சொல்லுங்க, நான் இறங்கி வரேன். டீ போடறேன். படியில உக்காராம உள்ள வாங்க அத்தை.”

வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் யாரும் கூப்பிடுகிற சொல்தான். ஆனால் சொல்லை அப்படியே ஆளாக எடுத்துக்கொள்கிற வீடு அது. ஜன்னலிலிருந்து அந்தச் சன்னமான குரல் வந்தது. “வாங்கக்கா. வீட்டுக்குள்ள வர இத்தனை நாளா?”

வீட்டுக்காரம்மா அவரை வெகுநேரம் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, கட்டிலில் உட்கார்ந்து, இருபது வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டு டீயைக் குடித்தாள். சர்க்கரை கம்மி என்றாள். விற்கிற விலைக்கு இதுவே அதிகம் என்றாள் கூட்டி அக்கா.

மறுநாள் காலை திரையில் கடன் கோடு இல்லை. பெண்ணின் வட்டத்துக்கும் வீட்டுக்காரம்மாவின் வட்டத்துக்கும் நடுவே அத்தை என்று ஒரு கோடு இருந்தது. அப்பா இவர், அத்தை இவள் என்றால் இவர்கள் கூடப்பிறந்தவர்களாகத்தானே இருக்க வேண்டும் என்று வலை தானாகவே கணக்குப் போட்டு, வீட்டுக்காரம்மாவிடமிருந்து இன்னாருக்கு இன்னொன்றும் இழுத்திருந்தது. அதன் மேல் அக்கா என்று இருந்தது. மேஸ்திரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தடவை பார்த்தார். எல்லாம் உறவுக் கோடுதான், பக்கம் காட்டத் தேவையில்லை, சரியாத்தான் இருக்கு என்று அடுத்த வட்டத்துக்குப் போனார்.

அன்று மத்தியானம் டயர்க்கடைக்காரர் வாடகை கொடுக்கப் போனவர், பேச்சுக்குப் பேச்சு, மேல்வீட்டுப் பாக்கி என்ன ஆச்சு என்று கேட்டார்.

“வந்துடுச்சு,” என்றாள் வீட்டுக்காரம்மா.

“யார் குடுத்தா?”

“இன்னார்.”

“முழுசாவா?”

“ரெண்டாயிரத்து முந்நூத்துப் பதினாறும்.”

அவர் அண்ணாந்து பார்த்தார். மேலே, புதிதாகத் தேய்த்த சட்டையில் நாலு கிளிப்போடு, இன்னார் காற்றுக்கு லேசாக ஆடிக்கொண்டிருந்தார். நாணயமான மனுஷன் என்று சொல்லிவிட்டு, டயர்க்கடைக்காரர் பஞ்சர் ஒட்டப் போனார்.